முதுகைக் கேளுங்க, சொல்றேன்

யுத்தம் இன்னும் முடியாத சமயம். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். நான் சென்னையில் சிற்பம் படித்து முடித்துவிட்டு, பெரிய மனிதர்கள் யாராவது தங்கள் மார்பளவுச் சிலைக்கு என்னைத் தேடி வருவார்கள் என்று வீட்டில் காத்துக்கொண்டிருந்தேன். பெரிய மனிதர் ஒருவரும் வரவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து விவசாயிகள் சிலர் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

முந்தின வருஷம் ஐப்பசி மழையில் அவர்கள் ஊர்க் கண்மாய் உடையப் பார்த்திருக்கிறது. மடைக்குப் பக்கத்தில் கரை அரித்துக்கொண்டு போக, ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, ஒரு இளைஞன் வைக்கோல் கட்டோடு தண்ணீரில் இறங்கி உடைப்பை அடைத்திருக்கிறான். கரை தப்பிவிட்டது. அவன் கரையேறவில்லை. அவனுக்கு அந்தக் கரையிலேயே ஆள் உயரத்தில் ஒரு சிமெண்டுச் சிலை வைக்க வேண்டும், தலைத் திவசத்துக்குள் முடித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். ஆள் உயரம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே நான் சரி என்றுவிட்டேன். ஊரில் போய் இறங்கிய பிறகுதான் போட்டோ எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அந்த ஊரில் அநேகமாக யாருக்குமே இல்லை.

இறந்தவனின் தாயார் தங்கள் மாட்டுக் கொட்டகையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். வீட்டில் அவரும் மருமகளும்தான். மருமகள் சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட அவனோடு வாழவில்லை. தாயார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாலை மரியாதையெல்லாம் ஊர் பார்த்துக்கொள்ளும், எனக்கு அவனை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

சிமெண்டுக்குத் தட்டுப்பாடான காலம். ஊரார் அலைந்து திரிந்து வாங்கி வைத்திருந்தது ஒரு சிலைக்குத்தான் காணும். அதனால் முதலில் களிமண்ணில் உருவத்தைச் செய்து, எல்லோரும் சரி என்ற பிறகுதான் அச்செடுத்துச் சிமெண்டு ஊற்றுவது என்று முடிவு செய்தேன். கண்மாய் மண் வெண்ணெய் மாதிரி குழைந்தது. மண்ணில் குறை ஒன்றுமில்லை. முகம்தான் கிடைக்கவில்லை.

மூக்கு தன் அண்ணனுடையது போல இருக்கும் என்றார் தாயார். அந்த அண்ணன் வீட்டுக்கே போய் உட்கார்ந்து மூக்கை வரைந்துகொண்டு வந்தேன். மீசை அடர்த்தியாக இருக்கும் என்றான் கூட ஏர் ஓட்டியவன். மீசையே சரியாக முளைக்கவில்லையே என்றான் இன்னொருவன். ஊர்ப் பெரியவர்கள் முடிவாகச் சொன்னது, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை உருட்டி, கையில் அரிவாளோடு காவல் தெய்வம் மாதிரி நிற்க வேண்டும் என்பது. மருமகளைக் கேட்டேன். தெரியாது என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருந்தது.

எல்லோரும் சொன்னதைக் கலந்து ஒரு முகம் செய்தேன். தாயார் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, என் மனம் நோகக்கூடாதே என்று நினைத்தவர் போல மெதுவாகச் சொன்னார்.

"நல்லாருக்கு தம்பி. இது யாரு வீட்டுப் புள்ள?"

அந்தத் தலையைப் பிசைந்து வேறு தலை செய்தேன். அதற்கும் அதே பார்வை. மூன்றாவதைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. இது சரிப்பட்டு வராது, பேசாமல் ஒரு கல்லை நட்டுவிடலாம் என்று பெரியவர்கள் எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொண்டார்கள். மூட்டை கட்டிவிடலாமா என்று எனக்கும் தோன்றிவிட்டது. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

எனக்குத் தினமும் மத்தியானக் கஞ்சி கொண்டுவருவது மருமகள்தான். கொட்டகை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். அன்று போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, அரிவாளோடு விறைத்து நின்ற என் களிமண் வீரனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னம்மா என்றேன்.

"அண்ணே, அவுக மொகம் எனக்குத் தெரியாதுன்னு சொன்னது மெய்தான். எங்க நிமுந்து பாத்தேன்? வயலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அவுக முன்னால போவாக, நான் பின்னால போவேன். முதுகைக் கேளுங்க, சொல்றேன்."

கேட்டேன். சொல்லிக்கொண்டே போனாள். மம்பட்டியை எப்போதும் இடது தோளில்தான் போடுவானாம். அதை இறக்கி வைத்த பிறகும் அந்தத் தோள் ஏறினபடியேதான் இருக்குமாம். யாரோ கூப்பிட்டதைக் கேட்பவன் மாதிரி கழுத்து ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். வேட்டியின் ஓரம் வலது பக்கம் மட்டும் ஏறி, கெண்டைக்கால் தெரியும். வலது குதிகால் வெளிப்பக்கம் தள்ளியபடி விழும். அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கொட்டகைக்குள் அவனைப் போலவே நடந்து காட்டினாள். நடந்து முடித்ததும் தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். வெறும் கழுத்தோடு அந்தப் பெண் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அன்றைக்கே வீரனைக் கலைத்தேன். அரிவாள் போயிற்று, மம்பட்டி வந்தது. முகத்தின் பக்கமே போகாமல், பின்புறத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு முதுகிலிருந்து ஆரம்பித்தேன். அவள் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் ஒரு கணம் நின்று பார்ப்பாள். தோள் இன்னும் ஏறணும் என்பாள், இல்லையென்றால் பேசாமல் போவாள். அவள் பேசாமல் போனால் சரியாக வருகிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் அவள் களையெடுக்கப் போய்விட்டதால் மாமியாரே கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். நான் உருவத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு அதன் முழங்காலைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன். அவர் வந்தது எனக்கும் தெரியாது. குரல்தான் கேட்டது, தினமும் சொல்லிப் பழகிய சாதாரணக் குரல்.

"ஏப்பு, கஞ்சியக் குடிச்சுப்புட்டுப் போ."

என்னை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே மாடு ஒன்று கழுத்தை ஆட்டியது. பிறகு சட்டியைத் தரையில் வைக்கும் சத்தம். மெதுவாகக் கிட்டே வந்தார். ஈரமாக இருந்த அந்த இடது தோளில் உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் எடுக்கவே இல்லை. அழவும் இல்லை. முன்பக்கம் வந்து முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமலேயே, வந்த வழியே போய்விட்டார். நான்தான் கை நிறைய மண்ணோடு உட்கார்ந்து அழுதேன்.

தோளில் பதிந்த விரல்களை நான் வழித்துவிடவில்லை. அச்சிலும் விழுந்தன, சிமெண்டிலும் விழுந்தன. முகத்தை அதிகம் பேசாத ஒரு சாதாரண முகமாகச் செய்து முடித்தேன். அது யார் முகம் என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

சிலையை நிறுத்தும் அன்று ஒரு சின்னத் தகராறு. முகம் ஊரைப் பார்த்து இருந்தால்தானே மாலை போட்டுக் கும்பிட முடியும், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் மரியாதையா என்றார்கள் பெரியவர்கள். அதுவரை ஓரமாக நின்ற தாயார் குறுக்கே வந்தார்.

"எம்புள்ள தண்ணியப் பாத்துத்தான் எறங்குனான். ஊரைத் திரும்பிப் பாத்துக்கிட்டா நின்னான்?"

தண்ணீரைப் பார்த்தபடியே நிறுத்தினோம். ஊரிலிருந்து கரையேறி வயலுக்குப் போகிற யாருக்கும் முதலில் தெரிவது தோள் ஏறிய அந்த முதுகுதான். மறுநாள் நான் வண்டி ஏறுகையில், தலையில் கூடையோடு மருமகள் கரையேறிப் போய்க்கொண்டிருந்தாள். சிலைக்குச் சில அடி பின்னால் வந்ததும் அவள் நடை தானாகவே மெதுவாயிற்று.

அதற்குப் பிறகு பெரிய மனிதர்களும் என்னைத் தேடி வந்தார்கள், எத்தனையோ முகங்களைச் செய்துவிட்டேன். இன்றும் யாராவது சிலை வேண்டும் என்று போட்டோவை நீட்டினால், அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் நடந்து வந்தது யார் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.