கீழே வைக்காத புத்தகம்

வடக்கனந்தல் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் பேருந்துக்காக நிற்கிறேன். மாதா கெபி என்று கத்தோலிக்கர்கள் கட்டிவைத்திருக்கும் கல்குகையின் பக்கத்தில் மட்டும்தான் நிழல். வேறு வழியில்லாமல் பையை இறக்கிவைத்து அங்கே ஒதுங்குகிறேன். எங்கள் சபையில் வேத வசனம் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது.

நர்ஸ் சீருடையில் ஒரு பெண் வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, மாதா சிலையின் காலடியில் உப்பும் மிளகும் கொட்டுகிறார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“இது வேதத்துல எங்கங்க இருக்கு?”

“அதெல்லாம் தெரியாதுங்க. எங்க கோயில்ல எப்பவும் போடறதுதான்.” என்னை மேலும் கீழும் பார்க்கிறார். “நீங்க பெந்தகோஸ்தேங்களா?”

பிள்ளை பிடிக்க வந்தவனை விசாரிப்பதுபோல இருக்கிறது.

“ஆமாங்க. மனுஷங்க சேத்த வழக்கத்த நாங்க ஏத்துக்கறதில்ல.”

“பையக் கீழ வெச்சிட்டு, பைபிள மட்டும் இன்னாத்துக்குக் கையில புடிச்சிக்கினு நிக்கிறீங்க?”

“பைபிளத் தரையில வைக்கக் கூடாதுங்க.”

“அது எந்த வசனத்துல இருக்குங்க?”

ஆதியாகமத்திலிருந்து மனசுக்குள் புரட்டுகிறேன். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் பேருந்து வந்துவிடுகிறது. பையைத் தூக்கி மாட்ட இரண்டு கையும் வேண்டும். பைபிளை அவரிடம் நீட்டப் போகிறேன். அவர் விரல்களில் உப்பு ஒட்டியிருக்கிறது. துடைக்கிறாரா என்று கண்கொட்டாமல் பார்க்கிறேன்.

சீருடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்குகிறார்.

அவர் துடைக்காமல் கையை நீட்டியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அதற்கும் வசனம் கிடையாது.