ஹொங்கொங்கில் விட்டு வந்த அட்டை

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நானும் இவரும் ஹொங்கொங்கில் சில நாள் தங்கினோம். விமான நிலையத்திலேயே ஆளுக்கொரு பயண அட்டை வாங்கினோம். ரெயிலுக்கும் ட்ராமுக்கும் என்று வாங்கிய அட்டை அங்கே எல்லாவற்றுக்கும் உதவியது. தேநீர், நூடில்ஸ், தண்ணீர்ப் போத்தல், திடீர் மழைக்கு ஒரு குடை, எதுவானாலும் அட்டையைத் தொட்டால் சரி. கடைக்காரரோடு ஒரு சொல் கதைக்கத் தேவையில்லை. பஸ் அட்டையால் பஸ்ஸில் மட்டும்தான் ஏறலாம் என்று ஒக்லாந்தில் பழகிய எனக்கு அது புதினமாக இருந்தது. இரண்டு அட்டையையும் என் போனில் பதிந்துவைத்திருந்தேன். எங்கே தொட்டாலும் கடையின் பெயரோடு ஒரு செய்தி வரும்.

ஒக்லாந்தில் எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது என் அட்டையைக் காணவில்லை. இவரிடம் கேட்டேன். "என்ரை அட்டை மேசை லாச்சிக்குள்ள கிடக்கு" என்றார். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பொதி கட்டும் வேலை. ஸ்மோக்கோ என்று இங்கே சொல்லும் காலைத் தேநீர் நேரத்தில் ஒருநாள் போன் அதிர்ந்தது. ஹொங்கொங்கில் ஒரு வெதுப்பகத்தில் அட்டையை யாரோ தொட்டிருக்கிறார்கள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். விழுந்த என் அட்டை யாரோ ஒருவரின் கையில் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே நேரம், அதே வெதுப்பகம். பிறகு ட்ராம்.

அட்டையை நிறுத்த ஒரு நிமிடம் போதும். நான் நிறுத்தவில்லை. காலையில் ஒரு பணிஸ் வாங்கித் தின்கிற மனிதரிடம் எனக்கென்ன கோபம். சில கிழமையில் அந்தச் செய்தி வராமல் என் தேநீர் இறங்காது என்ற அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் வந்த பெயர்களைப் பார்க்கப் பார்க்க ஏதோ செய்தது. அந்த வெதுப்பகத்தின் பெயர் நாங்கள் தங்கிய விடுதிக்குக் கீழே இருந்த கடையின் பெயர். கடைசித் தரிப்பு வரைக்கும் போன ட்ராம் நாங்கள் போனது. இவர் தலைசுற்றி இறங்கிய படகுத்துறையும் அதில் இருந்தது. நாங்கள் நடந்த வழியில் யாரோ இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள்.

குளிர் தொடங்கியதும் என் கோட்டை ஹென்டர்சனில் உலர்சலவைக்குக் கொடுத்தேன். கடைப் பெண் கோட்டின் உள்துணியைத் தடவிப் பார்த்து, கிழிந்த பைக்குள் விரல்விட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். என் பயண அட்டை.

கார் தரிப்பிடத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். இவ்வளவு நாளும் அது என் அலுமாரியிலேயே தொங்கியிருக்கிறது. மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. ட்ராம்.

 செய்தியிலிருந்த இலக்கத்தையும் அட்டையின் இலக்கத்தையும் அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன். அது என் அட்டை இல்லை. இவருடையது.

வீட்டுக்கு வந்ததும் நேரே லாச்சியைத் திறந்தேன். அதற்குள் அட்டை இல்லை. இவர் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

 உள்ளே வந்து கதிரையை இழுத்து இருந்தார்.

"நாங்கள் வெளிக்கிட்ட கடைசி நாள், நீர் கழிவறைக்குப் போன நேரம். ரெயில் வாசல்ல ஒரு பிள்ளை அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பாக்குது, கதவு திறக்கேல்லை. பின்னால நிண்டு பாத்தன். அக்கா."

இவருடைய அக்காவை நான் கண்டதில்லை. வன்னியில் கடைசிச் சண்டை முடிந்த நாட்களில், சனத்தோடு சனமாக அவவை இராணுவம் ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னாராம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வீட்டில் ஒருவரும் அவவுக்குத் திவசம் செய்ததில்லை. இவர் அவவைப் பற்றிக் கதைத்ததும் இல்லை.

"அக்கா இப்ப இருந்தா வயசு போயிருக்குமே" என்றேன்.

"அதுதான் சொல்லுறன். அண்டைக்கு இருந்த மாதிரியே இருந்தவ. அதே பின்னல். கழுத்தில அதே மச்சம்." குரல் தாழ்ந்தது. "அக்கா எண்டு கூப்பிட்டன். திரும்பிப் பாத்தவ."

"பிறகு?"

"என்ரை அட்டையை அவவின்ரை கையில வைச்சன். ஒண்டும் கதைக்கேல்லை. உள்ளுக்குப் போயிட்டா. நான் கதவுக்கு வெளியிலயே நிண்டன்."

அங்கே வீட்டுவேலைக்கு வந்த இலங்கைப் பிள்ளைகள் இருப்பார்கள், அக்கா என்றால் யார்தான் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னேன். "ஓம்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன ஓம்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தோம். அட்டையில் காசு முடியப்போனபோது இவர் இங்கிருந்தே நிரப்பினார். நான் தடுக்கவில்லை. ஒரு கிழமை இவர்தான் கண்டுபிடித்தார். "வெள்ளிக்கிழமையில சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் வாங்கிறேல்லை, பாத்தனீரோ? ட்ராம் மட்டும்தான்." பழைய செய்திகளை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான்.

"அக்கா வெள்ளி விரதம்" என்றார்.

அன்றிரவு வீட்டில் எல்லா விளக்கையும் எரியவிட்டுப் படுத்தேன்.

பிறகு, ஹொங்கொங்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார். மறிக்க எனக்கு வாய் வரவில்லை. செய்தி என் போனுக்கு வருவதால் நான் இங்கேயே நிற்பது என்று பேசிக்கொண்டோம். போய் இறங்கியதும் அதே விடுதியில் அறை எடுத்தார். விடியவே கீழே போய் வெதுப்பகத்துக்குள் ஒரு மூலை மேசையில் இருந்துகொண்டு என்னை அழைத்தார். நான் வேலையிடத்தில், பொதிப் பெட்டிகளுக்கு நடுவில் போனைக் காதில் வைத்திருந்தேன். அங்கே தட்டு வைக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"சனம் வருதோ?"

"இப்பதான் கடை திறந்தது. காசு வாங்கிற மனிசியும் நானும்தான்."

காதுக்குள்ளேயே போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

"இஞ்சாருங்கோ, இப்ப வாங்கியிருக்கிறா. இந்த நிமிசம்."

மறுபக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"ஆர் நிக்கினம்? வடிவாப் பாருங்கோ."

"ஒருத்தரும் இல்லை" என்றார். பிறகு மெதுவாக, "கதவு மட்டும் ஆடுது" என்றார்.

அந்தப் பெயரில் நகரம் முழுக்கக் கடைகள் இருக்கின்றன, வேறு கிளையாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். அதை நானே நம்பவில்லை. அடுத்த நாட்களும் இவர் அங்கே போய் இருந்தார். செய்தி வந்தது. ஆள் வரவில்லை. கடைசி நாள் அவர் கடைக்குப் போகவில்லை. ட்ராமில் ஏறிக் கடைசித் தரிப்பு வரைக்கும் போய், பக்கத்து இருக்கையை வெறுமையாக விட்டுக்கொண்டு திரும்பி வந்ததாகச் சொன்னார்.

விமான நிலையத்தில் நானும் மகளும் கூட்டிவரப் போனோம். மகள் இங்கே பிறந்தவள். கார் மோட்டார்வேயில் ஏறியதும் பின்னாலிருந்து, "Dad, who did you go to see?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்ற வாயெடுத்தேன். இவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"உம்மட மாமியை, என்ரை அக்காவை" என்றார்.

"What was she like?"

இவர் சொல்லத் தொடங்கினார். அக்கா சைக்கிளில் தன்னை முன்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனது, கணக்கு வராவிட்டால் குட்டுவது, படம் பார்க்கப் போய் வீட்டில் பொய் சொன்னது. எங்கள் கலியாணம் முடிந்து இத்தனை வருடத்தில் நான் ஒன்றும் கேட்டிராத கதைகள். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. மகள் சிரித்துக்கொண்டு இன்னும் கேட்டாள். இவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

செய்திகள் குளிர்காலம் முழுக்க வந்தன. வசந்தம் தொடங்கிய ஒரு நாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அட்டை தொலைந்ததா, பழுதானதா, அவ எங்கேயாவது போய்ச் சேர்ந்தாவா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அக்காவுக்குத் திவசம் செய்யலாமா என்று இவரின் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அந்த வருடம் முதல்முறையாகக் கேட்டா. இவர் யோசித்துவிட்டு, "இப்ப வேண்டாம் அம்மா" என்றார்.