சுவரொட்டியில் விட்டுப்போன பெயர்

எண்பதுகளின் கடைசியில் போடியில் கல்லூரி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டை வீடியோவாக எடுத்துக் காட்டலாம் என்று எனக்குத்தான் முதலில் தோன்றியது. பாட்டை நான் எழுதினேன். மெட்டுப் போட்டவன் என் வகுப்பு நண்பன். ஏலக்காய்க் கடைக்காரர் மகன், ஆர்மோனியம் வாசிப்பான். அவன் வாசிக்க, நான் பாடி, கேசட்டில் பதிந்துகொண்டோம்.

கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் மலையேறினோம். டேப்பை ஓடவிட்டு, ஏலச்செடிகளுக்கு நடுவில் நின்று நான் வாயசைக்க வேண்டும். பாதியிலேயே பேட்டரி இறங்கிவிட்டது. பாட்டு இழுக்க ஆரம்பித்தது. முதலில் கவனித்தவன் நண்பன்தான்.

"மாப்ளே, பாட்டு மெதுவாப் போகுதுடா. இப்ப எடுத்தா வாயும் பாட்டும் சேராது. வெரசாக் கீழ போயி பேட்டரிக் கட்டை வாங்கியாறேன்."

"அதுக்குள்ள வெளிச்சம் போயிரும். எடுப்போம்டா" என்றேன்.

அவன் சாரலில் கேமரா நனையாமல் கடைசிவரை குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

சுவரொட்டி அடிக்க அச்சகத்துக்கு நான் மட்டும் போனேன். என் முகம் பெரிதாக வரவேண்டும் என்று சொல்லி போட்டோவைக் கொடுத்தேன். அச்சுக் கோக்கிறவர், "இசைன்னு யாரு பேரைப் போட, தம்பி?" என்று கேட்டார்.

"எம் பேரையே போடுங்கண்ணே."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபது வயது. என் பெயரை அச்சில் பார்த்ததே இல்லை. சொல்லிக்கொள்ள வேறு காரணம் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை பஸ் நிலையச் சுவரில் ஒட்டப் போனோம். மைதாப் பசை வாளியை அவன்தான் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான். முதல் சுவரொட்டியை விரித்தவன் மேலிருந்து கீழ்வரை படித்தான். பிறகு இன்னொரு தடவை படித்தான்.

"இதுல நான் எங்கடா?"

"அச்சகத்துல தப்பாப் போட்டுட்டாங்க."

என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். அப்புறம் பசையைத் தடவ ஆரம்பித்தான். அத்தனை சுவரொட்டிகளையும், ஒன்றுகூடக் கோணாமல், ஒட்டி முடித்தான். குழாயடியில் கை கழுவிவிட்டு, "கடையில சோலி கெடக்கு, போறேன்" என்று கிளம்பினான்.

விழாவன்று அரங்கு நிறைந்திருந்தது. டிவியில் படம் ஓட, கேசட்டிலிருந்து பிறகு சேர்த்த பாட்டு சரியான வேகத்தில் ஒலித்தது. பாட்டு முன்னால் போக, என் வாய் பின்னால் அசைந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் சொன்னதே சரி என்று சொல்லத் திரும்பினேன். எனக்குப் பக்கத்தில் அவனுக்காகப் போட்டுவைத்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. அவ்வளவு பேர் நடுவில் அப்படித் தனியாக நான் அதுவரை உட்கார்ந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் கடைக்குப் போனேன். ஏலக்காய் சலித்துக்கொண்டிருந்தவன் எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். பரீட்சை பற்றிப் பேசினான். அச்சகத்தில் நடந்ததைச் சொல்லத்தான் போயிருந்தேன்; டீ ஆறும்வரை நானும் பரீட்சையைப் பற்றியே பேசினேன். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பரீட்சை முடிந்ததும் அவன் கேரளா பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலைக்குப் போய்விட்டான். நான் மதுரைக்கு ரயிலேறினேன். அங்கே வாடகை அறையில் உட்கார்ந்து நிறையப் பாட்டுகள் எழுதினேன். எதற்கும் மெட்டுப் போட ஆள் தேடவில்லை.