மகளின் பிரசவ அறையில் நான் பிடித்த இடம்

நான் நாலு பிள்ளை பெற்றவள். பிரசவத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றுதான் இருந்தேன்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் என்னோடு இருக்கும் மகள், தன் முதல் பிரசவத்தைப் படம் எடுக்க ஒரு கமராக்காரப் பெட்டையை ஒழுங்கு பண்ணியிருந்தாள். அறைக்குள் இரண்டு பேரைத்தான் விடுவார்களாம். ஒருவர் மருமகன், மற்றது அந்தப் பெட்டை. பெற்ற தாய் வெளியில். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் வலி தொடங்கியதும், "அம்மா, அந்தக் கமராப் பிள்ளைக்கு போனில கோல் எடுங்கோ" என்றாள் மகள். நான் குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

"எடுத்தனீங்களே?"

"ஓம், வாறாவாம்."

ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டையைக் காணவில்லை என்று மகள் தவித்தாள். "நான் நிக்கிறன், பயப்பிடாதை" என்று உள்ளே போனேன்.

பிள்ளையின் தலை தெரிந்ததும் எனக்குக் கண் இருட்டியது. பெற்றது நாலு, பிறப்பதைப் பார்த்தது அதுவே முதல் தடவை. விழுந்த என்னைத் தூக்க மருமகன் ஓடிவந்தார். கண் திறந்தபோது பேத்தி அழுதுகொண்டிருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்த நொடியை மருமகனும் பார்க்கவில்லை, படமும் இல்லை.

கோல் எடுக்காத உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் சென்றது. மகள் ஒரு கிழமை, ஏழு நாளும், என்னோடு கதைக்கவில்லை.

போன வருடம் பேரன் பிறக்க மகளுக்கு வலி தொடங்கியதும், அந்தப் பெட்டைக்கு நானே முதலில் கோல் எடுத்தேன். அவள் கமராவோடு உள்ளே போனபோது எனக்கு எரிந்ததுதான். ஆனால் அறைக்கு வெளியில் நான் இருந்த கதிரையை விட்டு எழும்பவில்லை.