வரிக்குதிரையின் பின்பாதி

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் முன்பக்கம் என்று ஒன்று அமைந்ததே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் மெஷினைச் சுவரை விட்டு இழுத்து, அதன் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்காரர்கள் மெஷினைப் பார்த்துத் தண்ணீர் இறங்கவில்லை என்பார்கள். வடிகுழாயில் சாக்ஸ் அடைத்திருக்கிறது என்று மெஷின் பதில் சொல்லும். ஒரு வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை, மெஷினுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று நம்பி ஒரு மாதம் அதற்குத் தினமும் காலை வணக்கம் சொன்னது. ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய குதிகாலைத் தெரியும். முகத்தைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் கட்டை விரல் மிச்சமிருக்கும்.

அவர் பின்பக்கத்துக்குக் குடிபோனது மெஷின்களால் அல்ல. அதற்கும் முன்னால், இருபத்து நாலாவது வயதில், ஒரு வரிக்குதிரைக்குள்.

அந்தப் பாட்டு வீடியோவைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வெள்ளை சூட் போட்ட பாடகர் பூந்தோட்டத்தில் நின்று, போய்விட்ட காதலியை நினைத்து உருகி உருகிப் பாடுவார். அவருக்குப் பின்னால், உள்ளே இரண்டு பேர் நுழைந்த துணி வரிக்குதிரை ஒன்று வரும். அவர் கண்ணை மூடிக்கொள்ளும்போதெல்லாம் ஒரு பூவைத் தின்னும். பாடகர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். கடைசியில் வரிக்குதிரை இரண்டு காலில் நிற்காத குறையாக ஆடும். ஆடிக்கொண்டிருக்கும்போதே அதன் பின்பாதி மட்டும் திடீரென்று தரையில் உட்கார்ந்துவிடும். முன்பாதி ஆடிக்கொண்டே இருக்கும், நடுவில் துணி விறைத்து நீளும், பாடகரோ கண்ணீரைத் துடைத்துக்கொள்வார். அந்த இடத்தில்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே பல் பிடுங்கிய பல் டாக்டர் ஒருவர் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார், நோயாளியும் சிரித்துக்கொண்டிருந்ததால் இருவருக்குமே வீட்டுக்குப் போகும்வரை தெரியவில்லை என்று சொல்வார்கள். சொன்னவர்களும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

உட்கார்ந்த அந்தப் பின்பாதி நம் மெக்கானிக்.

அப்போது அவர் மெக்கானிக் இல்லை, சலவைக் கடையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். படப்பிடிப்புக்கான வரிக்குதிரை வேஷத் தோலை வெளுத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினால்தான் அது அடங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கியிருந்த பன் பொட்டலத்தை வைக்க வேறு இடம் இல்லாமல் வரிக்குதிரையின் வயிற்றுக்குள்ளேயே வைத்து எடுத்துப்போனார். அங்கே போனால், பின்பாதியாக நடிக்க வேண்டியவர் படியில் சறுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டைரக்டர் நம் ஆளை மேலும் கீழும் பார்த்தார். உயரம் சரியாக இருந்தது. தையல்காரர் அளவெடுப்பதற்குள், நம் ஆள் தான் கொண்டுவந்த துணிக்குள் தானே போய்ச் சேர்ந்துவிட்டார். பன்னை எடுத்து வெளியே வைக்க மட்டும் அவகாசம் கிடைத்தது.

முன்பாதியில் ஒரு மழலையர் பள்ளி டீச்சர். லீவு நாளில் இப்படி ஆடப் போவாளாம். உள்ளே இருட்டு. அவளுடைய முகத்தை அவர் மொத்தமாக ஒரு நிமிடம் பார்த்திருப்பார், முதுகைத்தான் ஐந்து மணி நேரம் பார்த்தார். பாலர் வகுப்புக்குச் சொல்வதுபோல அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"என் இடுப்ப ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கோங்க. பிடிச்சுக்கிட்டு வேற எதையும் யோசிக்காதீங்க. உங்க கையில ஒரு தட்டு தட்டினா வலது கால். ரெண்டு தட்டினா நிக்கணும். கிள்ளினா உட்காரணும். புரிஞ்சுதா, வால் மாஸ்டர்?"

புரிந்தது. ஐந்து மணி நேரம் அவள் தட்டியதற்கேற்ப நடந்தார், தட்டியதற்கேற்ப நின்றார். கடைசிக் காட்சியில், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது, இடது கை விரலில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. சொன்ன பேச்சைக் கேட்பவர் அவர். உட்கார்ந்தார்.

வெளியே டைரக்டர் போட்ட சத்தத்தில் விளக்குகள் ஆடின. பின்னாடி இருக்கிறவன் தூங்கிட்டானா என்று கேட்டார், இன்னும் எழுதத் தகாத இரண்டு மூன்று கேள்விகளும் கேட்டார். கிள்ளியவள் நான்தான் என்று டீச்சர் சொல்வாள் என்று அவர் துணிக்குள்ளேயே காத்திருந்தார். ஒரு குரலும் வரவில்லை. டீ கொடுத்த நேரத்தில் தோலை உரித்துப் போட்டுவிட்டு, காது சிவக்க, வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பேரைக்கூட யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து டைரக்டரே வயிறு வலிக்கச் சிரித்தாராம், அதையே வைத்துக்கொண்டாராம். இது நம் ஆளுக்குத் தெரிந்தது இரண்டு மாதம் கழித்து, ஒரு டிவி கடைக் கண்ணாடிக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தபோதுதான். பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாக, அது நான்தான் என்றார். அந்த மனிதர் ஓரடி தள்ளி நின்றுகொண்டு, பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மனைவியிடம் மட்டும் சொன்னார். கல்யாணமான முதல் வாரம், டிவியில் அந்த வீடியோ வந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் ஒரு தடவை டிவியைப் பார்த்தாள், ஒரு தடவை அவருடைய முழங்காலைப் பார்த்தாள்.

"ஆமா, நீங்கதான். இடது முட்டி வெளிப்பக்கமாப் போகுது பாருங்க. இத நான் எங்க பார்த்தாலும் சொல்லிடுவேன்."

அவ்வளவுதான். சாட்சி கேட்கவில்லை, சத்தியம் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீடியோ எந்தச் சேனலில் எப்போது வந்தாலும் வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும்: "என்னங்க, உங்க கால் வந்திருக்கு, வாங்க." அவர் சோப்பு நுரையோடு வருவார், ஸ்பானரோடு வருவார். இருவரும் நின்றுகொண்டே பார்ப்பார்கள். வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் சொல்லிவிடுவாள், நம்பாதவர்களுக்கு டீயில் சர்க்கரை குறையும்.

காலை நம்பினாளே தவிர, காரணத்தை அவள் நம்பவே இல்லை. முப்பது வருடத்தில் அவர்கள் தீர்க்காமல் வைத்திருந்த சண்டை இது ஒன்றுதான். முன்னால் இருந்தவள் கிள்ளினாள், அதனால் உட்கார்ந்தேன் என்பார் அவர். கிள்ளியிருந்தால் அவளும் ஆட்டத்தை நிறுத்தியிருப்பாளே, அவள்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறாளே, கண்ணால் பார்த்தால் தெரியவில்லையா, உங்களுக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது, அதைச் சொல்ல ரோஷம் என்பாள் அவள். டிவி முன்னால் நின்றபடியே வாதாடுவார்கள். அவர் இடது விரலை நீட்டுவார், முப்பது வருடத்துக்கு முந்தைய கிள்ளு இன்னும் சிவந்திருப்பதுபோல. அவள் அந்த விரலைத் தட்டிவிட்டு, முதலில் போய்க் கருவிப் பையைத் திறந்து பாருங்கள், பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தபடி வைத்து மறுபடி எறும்பு ஏறியிருக்கிறது, தின்கிற பண்டத்தைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது என்பாள். சண்டை அங்கே திசைமாறிவிடும்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. வீடியோ இப்போது செல்போனிலேயே இருக்கிறது, எந்த நேரமும் பார்க்கலாம். பார்ப்பார். ஆனால் வாங்க என்று கூப்பிட ஆள் இல்லாமல், தானே போட்டு, தானே பார்ப்பது அவருக்கு வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல இருந்தது. அது தன் கால்தான் என்று தெரிந்த ஓர் ஆள் உலகத்தில் இருந்தாள். இப்போது அந்த ஆளும் இல்லை. சில நாள் அவருக்கே சந்தேகம் வந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, இடது முட்டி வெளிப்பக்கமாகத்தான் போகிறதா என்று நடந்து பார்த்துக்கொள்வார். கண்ணாடி இடுப்புவரைதான்.

இந்த நிலையில்தான் ஒரு சேனலில் அறிவித்தார்கள். வீடியோ வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது, வரிக்குதிரையின் முன்பாதியான டீச்சரைக் கண்டுபிடித்துவிட்டோம், பின்பாதி யார் என்பதுதான் தெரியவில்லை, அவரோ அவரைத் தெரிந்தவரோ கூப்பிடுங்கள் என்றார்கள். மெக்கானிக் கூப்பிட்டபோது நிகழ்ச்சிப் பெண் அலுத்துப்போயிருந்தாள். அதற்குள் நாற்பத்தொரு பேர் கூப்பிட்டுவிட்டார்களாம். ஒரு வரிக்குதிரைக்கு எண்பத்திரண்டு பின்னங்கால்.

"எல்லாரையும் ஒரே கேள்விதாங்க கேக்கச் சொல்லியிருக்காங்க டீச்சரம்மா. எதுக்கு உட்கார்ந்தீங்க?"

மற்றவர்கள் என்னென்னவோ சொல்லியிருந்தார்கள். ஒருவர் அது தன் சொந்தக் கற்பனை என்றார். ஒருவர் டைரக்டர் காதில் சொன்னார் என்றார். ஒருவர் கலையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். மெக்கானிக் யோசித்தார். வீட்டுக்குள் எடுபடாத பதில், வெளியே எடுபடுமா என்று இருந்தது. வேறு பதிலும் அவரிடம் இல்லை.

"அவங்க கிள்ளினாங்கம்மா. கிள்ளினா உட்காரணும்னு சொல்லியிருந்தாங்க."

மறுநாள் நிகழ்ச்சிப் பெண் கூப்பிட்டாள். இதைச் சொன்னதும் டீச்சரம்மா சிரித்தார்களாம், அவரேதான் என்றார்களாம். வியாழக்கிழமை மத்தியானம் நேரலை நிகழ்ச்சி, வந்துவிடுங்கள் என்றாள்.

போனார். பழைய தோல் எப்போதோ நைந்துபோயிருந்தது, புதிதாகத் தைத்து வைத்திருந்தார்கள். நேரமாகிவிட்டதென்று பேசக்கூட விடாமல் இருவரையும் உள்ளே அனுப்பினார்கள். டீச்சர் முடி நரைத்துப் பருத்திருந்தார். மெக்கானிக்குக்கும் குனிந்தால் முட்டி கடகடத்தது. மறுபடியும் அதே இருட்டு, அதே முதுகு, இப்போது அகலமாக. வெளியே தொகுப்பாளர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அன்னைக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்க?" முதுகு மெதுவாகக் கேட்டது.

"வண்டி நின்னுட்டிருந்துச்சு." பிறகு, முப்பத்தைந்து வருடமாக வைத்திருந்ததையும் சொல்லிவிட்டார். "கிள்ளினது நீங்க. திட்டு வாங்கினது நான்."

"நான் உங்களக் கிள்ளலைங்க. எறும்ப நசுக்கினேன்."

"எறும்பா?"

"துணிக்குள்ள ஒரே எறும்பு. ஒண்ணு இடுப்புல வச்சுக் கடிச்சுட்டு இருந்துச்சு. நசுக்கப் போன இடத்துல உங்க விரல் இருந்திருக்கு. பின்னாடி துணி இழுத்ததும் எங்கயோ மாட்டிக்கிச்சுன்னு நினைச்சு ஆடிட்டே இருந்தேன். அங்கேயே படத்தப் போட்டுப் பார்த்தப்பதான் நீங்க கிள்ளுன்னு நினைச்சு உட்கார்ந்தது எனக்கே புரிஞ்சுது. என் தப்புன்னு சொல்ல வெளிய ஓடி வந்தேன், உங்களக் காணோம். பேரும் தெரியல, ஊரும் தெரியல. வால் மாஸ்டர்னு எங்க போய்த் தேடுறது?"

அன்று வெளுத்து வந்த துணியில் எறும்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று மெக்கானிக்குக்குத்தான் தெரியும். பன். இனிப்பு பன், பொட்டலம் பிரிந்திருந்தது.

கையில் ஒரு தட்டு விழுந்தது. வலது காலை எடுத்து வைத்தார்.

இரண்டு நிமிடம் ஆடினார்கள். கடைசியில் கிள்ளு விழுந்தது, இந்தத் தடவை உண்மையான கிள்ளு, உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது. முன்பக்க ஜிப்பைத் திறந்து டீச்சரை வெளியே எடுத்தார்கள். பின்பக்க ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் இழுத்தார்கள். உள்ளே இருந்தவர் எத்தனையோ ஜிப்புகளை மெஷின் வயிற்றிலிருந்து மீட்டவர், விரலால் பல்லைச் சரிசெய்து அரை நிமிடத்தில் திறந்துவிட்டிருப்பார். திறக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடி எறும்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டி எடுப்பதற்குள் விளம்பரம் வந்து, நிகழ்ச்சியும் முடிந்துவிட்டது. முகம் டிவியில் வரவில்லை என்று நிகழ்ச்சிப் பெண் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லம்மா, கால் வந்துச்சில்ல என்றார். டீச்சர் செல்போன் நம்பரை வாங்கிக்கொண்டு மகனோடு காரில் ஏறினார். வெளியூர்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வழி நெடுக அவர் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தார். முதலில் கிள்ளு உண்மைதான் என்பதைச் சொல்ல வேண்டும், அதில் தன் பக்கம் ஜெயித்தாகிவிட்டது. ஆனால் மனைவி சொன்னதும் சரி. டீச்சர் உட்காரச் சொல்லவில்லை, அதனால்தான் ஆடிக்கொண்டே இருந்தாள். ஒரு சண்டையில் இரண்டு பேருமே ஜெயிக்கிற அதிசயம் எந்த வீட்டில் நடக்கும்? பன் விஷயத்தை உடனே சொல்லக் கூடாது. டீ குடிக்கும்வரை வைத்திருந்து கடைசியாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு மூச்சு முட்டச் சிரிப்பு வரும், தலையில் அடித்துக்கொள்வாள், கருவிப் பையைப் பற்றிய பேச்சு கண்டிப்பாக வரும். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டு, திரும்பி நடந்து வந்தார்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றினார். அவசரத்தில் விளக்கைப் போடாமல் நேராகச் சமையலறை வாசலுக்கே போய் நின்றுவிட்டார். காலையில் கவிழ்த்துவிட்டுப் போன ஒற்றை டம்ளர் அப்படியே இருந்தது.

"எறும்பாம்" என்றார்.

ஒருவர் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு கூடத்துக்கு வந்து கருவிப் பையைத் திறந்தார். உள்ளே, ஸ்பானருக்கும் டெஸ்டருக்கும் நடுவில், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு பிஸ்கட்டாக எடுத்து, எறும்பை ஊதிவிட்டு, டப்பாவில் அடுக்கி, மூடியை இறுக்கி மூடினார்.