விடிவதற்குள் ஆறிப்போகும் தொட்டி

ஒரே ஒரு மலையாம். மலைமேல ஒரே ஒரு விடுதியாம். அந்த விடுதியில ஒரே ஒரு வெந்நீர்த் தொட்டியாம். தொட்டிய காவல் காக்க ஒரு ஆளைப் போட்டாங்களாம். ‘ம்’ கொட்டுங்கள், அந்த ஆள் நான்தான்.

தண்ணீரைச் சூடாக்குவது ஒரு வேலையே இல்லை. சூடான தண்ணீரை, யாராவது வந்து இறங்கும்வரை அதே சூட்டில் உட்காரவைப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்த மாமனாருக்கு வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, அவர் பேப்பரை மடித்து வைக்கும்வரை குளியலறை வாசலில் தவித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நாம் ஒரே கட்சி.

எங்கள் ஜவ்வாது மலைத் தொட்டியில் ஆறு பேர் உட்காரலாம். உள்ளே சுற்றிலும் படி. மேலே இரண்டாக மடிகிற தடித்த மூடி. குளிக்க முப்பத்தெட்டு டிகிரி. ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு டிகிரி ஏற்றும். அதற்கு மேல் கெஞ்சினாலும் ஏற்றாது.

கை வைத்துப் பார்ப்பவர்கள்

தொட்டியின் பக்கவாட்டில் சூடு எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் எரிந்துகொண்டே இருக்கும். அதை ஒருவரும் பார்ப்பதில்லை. சிலர் சுண்டுவிரலை விடுவார்கள், சிலர் முழங்கையை. வேலூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் அப்பா இறங்கியதும் “ஆறிப்போச்சு” என்றார். அம்மா “கொதிக்குது” என்று காலை வெளியே எடுத்தார். மகள் கழுத்துவரை மூழ்கிக்கொண்டு, “இப்பதான் சரியா இருக்குது, யாரும் ஒண்ணும் பண்ணாதீங்க” என்றாள். மூன்று பேரும் ஒரே தண்ணீரில்தான் இருந்தார்கள்.

நான் சிவப்பு எழுத்தைக் காட்டினேன். முப்பத்தெட்டு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உன் மீட்டர் சொல்றது கெடக்கட்டும் தம்பி, என் முதுகு இன்னா சொல்லுதுன்னு கேளு.”

மே மாதம்

கோடையில் பிரச்சினை தலைகீழ். ஹீட்டரை அணைத்தாலும் தண்ணீர் ஆறாது. வெயில் ஒரு பக்கம், சுற்றிச் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் மோட்டாரின் சூடு இன்னொரு பக்கம். விடியற்காலையில் மூடியைத் திறந்து வைத்து ஆறவிடுவேன். அதற்குள் பக்கத்து மரம் தன் இலையில் பாதியை உள்ளே கொட்டிவிடும். வலை போட்டு அள்ளி முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும்.

சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பி இறங்கினார். முப்பத்து நாலு. சமையலறையிலிருந்து ஐஸ் கட்டிகளை ஒரு வாளி கொண்டுவந்து கொட்டினேன். அவர் கண்ணெதிரேயே அவை கரைந்து போயின. தொட்டி ஒரு புள்ளிகூட அசையவில்லை.

“இந்தத் தண்ணி எங்க வூட்டு மொட்டமாடி டேங்க்லயே வருதேப்பா, இதுக்கா அஞ்சு மணி நேரம் வண்டில வந்தோம்?”

மழைக்காலம்

மழையில் கரன்ட் போகும். போனால் பரவாயில்லை, மூடி காப்பாற்றும். பாதி கரன்ட் வரும் பாருங்கள், அதுதான் கொடுமை. விளக்கு மினுக்கும், மோட்டார் முனகும், ஹீட்டர் பெயருக்கு எரியும். அப்படி ஒரு நாள், புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று குடையும் துண்டுமாகத் தொட்டியோரம் நிற்க, ஆலங்காயத்திலிருந்து எலக்ட்ரீஷியன் அண்ணனை வரவழைத்தேன். மலைப்பாதை முழுக்க நனைந்து வந்தவர், ஒரு மணி நேரம் ஹீட்டர் பெட்டியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். ஜோடி குடையை மடக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டது.

“பொட்டி நல்லாத்தான் கீது தம்பி. கரன்ட்டுக்குத்தான் ஒடம்பு சரியில்ல.”

மார்கழி

ராத்திரியில் ஹீட்டர் எரியக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அதனால் ஒன்பது மணிக்கு முப்பத்தெட்டில் மூடி போட்டுவிடுவேன். விடிய ஐந்துக்கு டைமர் ஹீட்டரைப் போடும். மூடி சரியாக இருந்தால் அதுவரை மூன்று டிகிரிதான் இறங்கும். ஆறரைக்கு நான் வரும்போது மறுபடி முப்பத்தெட்டு. ஏழு மணிக்கு விருந்தினர் இறங்கலாம். இரண்டு வருஷமாக நடந்த கணக்கு.

இந்த மார்கழியில் கணக்கு செத்துப்போனது. தினமும் ஆறரைக்கு முப்பத்திரண்டு! மூடி ஒழுங்காகத்தான் இருக்கும். ஒழுகுகிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தேன். குழாய்க்கெல்லாம் சாக்கு சுற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் கட்டைவிரலை மட்டும் விட்டு, எடுத்து, நேராகப் போய் போனில் விடுதிக்கு விமர்சனம் எழுதிவிட்டார். முதலாளி திருப்பத்தூரிலிருந்து கிளம்பி மேலே வந்து, அதை என் முகத்துக்கு நேரே நிறுத்தி நிறுத்திப் படித்தார். நான் சாக்கு சுற்றிய கதையைச் சொன்னேன். என் குரல் அவர் காதுவரை போகவில்லை.

“இன்னொருத்தர் ‘தண்ணி ஜில்லுன்னு இருக்குது’ன்னு எழுதட்டும், அன்னிக்கே நீ உங்க ஊரு சந்தவாசலுக்கு பஸ் ஏறிக்க.”

ஐந்து மணிக்கு வந்தவர்

குரங்கு மூடியைத் தூக்குகிறதோ என்று மறுநாள் ஐந்து மணிக்கு முன்பே போய்ப் பார்த்தேன். மூடியின் ஒரு பாதி மடங்கிக் கிடந்தது. எங்கள் சமையல்காரர் காளி அக்கா, முழங்கைவரை கையை விட்டு ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். தரையில் ஏற்கெனவே ஒன்று ஆவி பறக்க நின்றது.

“இன்னாக்கா இது?”

“இட்லி மாவுப்பா. தெரீல?”

“தொட்டிக்குள்ள ஏன்க்கா?”

“இந்தக் குளிர்ல மாவு எங்கப்பா பொங்குது? கம்பளி சுத்தினேன், அடுப்பாண்ட வெச்சேன், ம்ஹூம். நீ மூடி போட்டுட்டுப் போனதும் கொண்டாந்து படியில எறக்கிடுவேன். கழுத்து வரிக்கும் வெந்நீ. காலைல பார்த்தா உப்பிகினு நிக்குது.”

“மூடி?”

“தூக்கு ஒசரம்ல? மூடி ஒரு சாண் தூக்கினுதான் இருக்கும். அதான் அஞ்சுக்கே எடுத்துட்டு ஒழுங்கா மூடிட்டுப் போறனே!”

எட்டு மணி நேரம், ஒரு சாண், மார்கழிக் காற்று. என் வேலை போகப்போகிறது என்று சொன்னேன். அக்கா தூக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“இத மொதல்லயே சொல்றதுக்கின்னா? தெனம் மூணு இட்லி ஜாஸ்தி துன்றப்ப மட்டும் வாய் நல்லா தொறக்குது!”

கல் இட்லி

ஒப்பந்தம் போட்டோம். மாவு தொட்டிக்கு வராது. பதிலுக்கு என் ரெண்டு கம்பளியும் மாவுக்கு. நான் லுங்கியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன். காலையில் தண்ணீர் முப்பத்தெட்டு. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஒரு மணி நேரம் ஊறி, முகமெல்லாம் சிவந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு பஸ் பயம் தெளிந்தது.

பிறகு அவர் சாப்பிட உட்கார்ந்தார். மாவு பொங்காமல் ஊற்றினபடியே கிடந்திருந்தது. இட்லியை விரலால் அழுத்தினார். ஸ்பூனால் வெட்டினார். ஸ்பூன் வளைந்தது. அவரும் போனை எடுத்தார். தண்ணீருக்கு நாலு வரி புகழ். இட்லிக்கு ஒரே ஒரு வார்த்தை. மத்தியானத்துக்குள் முதலாளி வந்து, என்னை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்தார்.

“இட்லிக்காகவே வர்றாங்கன்னுதான உன்ன வெச்சிருக்கேன் காளியம்மா? கல்லு அவிச்சுப் போடறதுன்னா, நாளையிலேர்ந்து வராத.”

தீர்ப்பு

அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். மூன்று இட்லி வயிற்றில் ஒன்றும் செய்யாமல் இருக்குமா? நான் எல்லாவற்றையும் சொன்னேன். “சத்தமா சொல்றா” என்றார் முதலாளி. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

“ஆளுங்க குளிக்கிற தண்ணிலயா மாவ வெச்சீங்க?”

“மாவு தூக்குக்குள்ள இருக்குது, தண்ணி வெளியில இருக்குது. ரெண்டும் பார்த்துக்கவே இல்லீங்க” என்றார் அக்கா.

முதலாளி தட்டில் மிச்சமிருந்த கல் இட்லியில் ஒன்றை எடுத்துக் கடித்தார். ரொம்ப நேரம் மென்றார். விழுங்கியபிறகுதான் தீர்ப்பு வந்தது. “குளியல் இனிமே காலைல பத்து மணிக்கு மேல. அது வரிக்கும் தொட்டி காளியம்மாவுது. தூக்கு வாயில நல்லா துணி கட்டி வை. டேய், அவங்க கேக்கற சூட்டுல வெச்சுக் குடு.” இறங்கிப் போய்க் காரில் ஏறினார்.

ஐந்து மணியிலிருந்து பத்து மணிவரை ஹீட்டருக்கு வேண்டிய நேரம் இருக்கிறது. வேலை எனக்கும் தப்பியது, அக்காவுக்கும் தப்பியது. இந்த ஒரு வரியை முதலாளி மார்கழி பிறந்ததுமே சொல்லியிருந்தால், நான் தரையில் படுத்துக் குழாய்க்குச் சாக்கு சுற்றியிருக்க வேண்டாம். அன்று ராத்திரி ஒன்பதுக்கு அக்கா ரெண்டு தூக்கோடு வந்து, என்னை மூடியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் படியில் இறக்கினார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறைப் பக்கம் நடந்தவர், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“மூடிய மெதுவா வைப்பா, மாவு தூங்கணும்.”

ஆக, இந்த மலையில் அந்த வாத்தியாரை விட்டால், என் தண்ணீரைப் பற்றி இதுவரை ஒரு குறையும் எழுதாத ஒரே விருந்தாளி, உளுந்தும் அரிசியும் கலந்த அந்த மாவுதான்.