பிழியாமல் வந்த நான்கு பாட்டில்

போன வாரம் என் மச்சினி வித்யாவிடம் திட்டு வாங்கினேன். சாதாரணத் திட்டு இல்லை... இருபது வருஷ மரியாதையை நடுரோட்டில் இறக்கி வைத்த திட்டு!

குற்றம்? ஒரு துணியைப் பிழிந்தேன். அவ்வளவுதான்.

வித்யா பெங்களூரில் ஒரு பீர் கம்பெனி லேபில் இருந்தவள். வேலையை விட்டுவிட்டு இப்போது மலையாளம் கலந்து பேசும் எங்கள் வலியசாலையில், பக்கத்து வீட்டில் இருக்கிறாள். முளைகட்டிக் காயவைத்த பார்லியைக் கொரகொரப்பாக உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, துணியில் வடியவிட்டு, தித்திப்பான சாறு எடுக்கிறாள். பீர்க்காரர்கள் அதை வோர்ட் என்பார்கள். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் பீர். இவள் அதற்கு முன்பே நிறுத்தி, கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஜில்லென்று குடிக்கத் தருகிறாள். வீட்டில் பீர் காய்ச்சினால் எக்சைஸ்காரர்கள் விடுவார்களா? இதற்கே தெருவில் பேச்சு — "வித்யா ஆத்துல பீர் காய்ச்சறாளாமே!"

கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டல் மேனேஜர், நாகர்கோவில்காரர், பிடித்திருந்தால் மெனுவில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். வேலையை விட்ட பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. சாம்பிளுடன் போனோம். அவர் ஒரு வாய் குடித்து, டம்ளரைத் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், ருசி கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா கஞ்சித்தண்ணி மாதிரியல்லே இருக்கு? தொண்டையில ஒரு துவர்ப்பு வேற. வியாழக்கிழமை எங்க முதலாளி வாறாரு. நல்லா தெளிஞ்சதா ஆறு பாட்டில் கொண்டு வாங்க. அதுவும் சரியாகலன்னா பின்ன என்னைக் கேக்கப்படாது."

வெளியே வந்ததும் வித்யா என்னைப் பார்த்தாள்.

"அத்திம்பேர்... நான் போன் பேசப் போனப்போ துணியைப் பிழிஞ்சேளா?"

பிழிந்தேன்தான்! தேங்காய்ப்பால் பிழிகிறோம், புளி பிழிகிறோம். துணியிலிருந்து எதுவோ சொட்டுச் சொட்டாக விழும்போது சும்மா நிற்க நம் கைக்குத் தெரியுமா? உதவுவதாக நினைத்து நன்றாக முறுக்கிவிட்டேன். மாவும் உமியின் துவர்ப்பும் சேர்ந்து இறங்கிவிட்டன.

"அக்கா ஆத்துக்காரராச்சேன்னு பாக்கறேன்!" என்று ஆரம்பித்தவள் பஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

புதன்கிழமை இரண்டாவது முயற்சி. கையிலிருந்தது கடைசி மால்ட், அதாவது அந்த முளைகட்டிய பார்லி. அடுத்தது பெங்களூரிலிருந்து வர ஒரு வாரமாகும். இந்த முறை துணியே இல்லை. குழாய் வைத்த ஸ்டீல் டிரம், அதன் அடியில் துளைபோட்ட தட்டு, மேலே மால்ட்டும் வெந்நீரும். ஒரு மணி நேரம் மூடி வைத்தாள்.

"வடிகட்ட ஒண்ணும் வேண்டாமா?"

"அந்த உமிதான் ஃபில்டர் ஆக்கும். அது தானா படியணும். நீங்க அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்படாது, கேட்டேளா?"

குழாயைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்தாள். கலங்கல்! அவள் அசரவில்லை. பிடித்த சாற்றை ஒரு கரண்டிமேல் வழியவிட்டு, உமி கலையாமல் மெல்ல மேலேயே ஊற்றினாள். மறுபடி பிடித்தாள். மறுபடி ஊற்றினாள். ஐந்து முறை, ஆறு முறை... எனக்கு உட்கார்ந்த இடத்தில் கை பரபரத்தது. ஏழாவது முறை டம்ளரை ஜன்னல் பக்கம் பிடித்தாள். அதன் வழியே எதிர்வீட்டு கேட் கம்பிகளை எண்ண முடிந்தது. அடேயப்பா!

நாலு பாட்டிலுக்கு ஆனதும் குழாயில் மறுபடி லேசான கலங்கல். டிரம்மில் ஈரம் இன்னும் நிறைய இருந்தது.

"கரண்டியால ஒரு அழுத்து அழுத்தினா ஆறு ஆயிடுமே?" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா?

"மதி, அத்திம்பேர், போதும்" என்று குழாயை மூடினாள். ஆறு கேட்டவர் முன்னால் நாலுடன் போய் நிற்பது சின்ன விஷயமா? நானாக இருந்தால் அழுத்தியிருப்பேன். கடைசி இரண்டைப் பின்னால் ஒளித்து வைத்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது.

வியாழக்கிழமை முதலாளி பாட்டில்களைப் பார்த்தார்.

"ஆறு அல்லே சொன்னது?"

"நாலுதான் சார் தெளிஞ்சுது. மத்ததை நான் கொண்டு வரலை."

ஒரு வாய் குடித்தார். டம்ளரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இன்னொரு வாய். பிறகு மேனேஜரிடம் சொன்னார்: "மெனுவில சேத்துடு. எத்தனை தெளியுதோ அத்தனை மதி. ஆறு வேணும், எட்டு வேணும்னு இவங்களை நீ அவசரப்படுத்தக் கூடாது."

திரும்பி வரும்போது ஆட்டோவில் வித்யா அழுதுவிட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்... மூடிக்கொண்டேன். அவளுக்கு நான் செய்த உருப்படியான உதவி அது ஒன்றுதான்!